அம்மாவுக்கு நுரையீரல் தொற்று, வீட்டில் பறவைகள்: வழி சொல்லுங்களேன்

வணக்கம். மன்னார்குடி பக்கம் எங்கள் வீடு. அம்மாவுக்கு 2 வருடமாக நுரையீரலில் நாள்பட்ட தொற்று. காசநோய் இல்லை, அதே குடும்பத்துக் கிருமி. வீட்டில் ஒரு ஜோடி காக்கட்டீல் பறவைகள் (கொண்டை வைத்த சின்னக் கிளி வகை). சிறகடித்தால் கூண்டுக்கடியில் விரித்த பேப்பரில் மாவு சலித்த மாதிரி வெள்ளைத் தூள் படியும். அந்தத் தூளும் காய்ந்த எச்சமும்தான் பயம். கூண்டைத் திண்ணைக்கு மாற்றிவிட்டோம். பெருக்குவதில்லை; என்95 மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் நான்தான் துடைக்கிறேன். ஆனால் அவை கூப்பிட்டால் அம்மா ஜன்னலோரம் வந்து நின்றுவிடுகிறார். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்கழிப் பனிக்குத் திண்ணைக் கூண்டை எப்படி மூடுவது? காற்றும் வேண்டுமே. அப்புறம், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் பறவை எச்சம் பரிசோதிப்பார்களா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.