பால்சாமிக் வினிகரை அடுப்பில் ஏற்றலாமா, கூடாதா?

பீப்பாய்க்காரன்:
கடைப் பால்சாமிக்கை, அதாவது திராட்சைச் சாற்றில் செய்யும் இத்தாலிய வினிகரை, சுண்டக் காய்ச்சினால் 12 வருடச் சரக்கு மாதிரி வரும் என்று வீடியோக்களில் அடித்துச் சொல்கிறார்கள். வராது. டி.ஓ.பி. (ஊரையும் செய்முறையையும் உறுதிசெய்யும் கண்டிப்பான ஐரோப்பியச் சான்று) முத்திரை பெற்ற 'ட்ரடிஷனாலே' (பாரம்பரிய) வகைக்குக் காய்ச்சிய திராட்சைச் சாறு ஒன்றுதான் மூலப்பொருள். இத்தாலியின் மொடெனாவிலும் ரெஜ்ஜோ எமிலியாவிலும் அதை மச்சில் வைப்பார்கள். ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி என்று பல மரங்களில் செய்த, வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் பீப்பாய்கள். கோடையில் சுண்டும், குளிரில் தெளியும். இப்படிக் குறைந்தது 12 வருடம். 'எக்ஸ்ட்ராவெக்கியோ' (மிகப் பழையது) என்றால் 25. கடையில் கிடைக்கும் ஐ.ஜி.பி. (இதைவிடத் தளர்வான ஊர்ச் சான்று) வகை திராட்சைச் சாறும் ஒயின் வினிகரும் கலந்தது. அதற்கு 60 நாள் போதும், நிறத்துக்குக் கேரமலும் சேர்க்கலாம்.

அடுப்படி:
வயசு கூடும்னு யாருங்க சொன்னா? ஐ.ஜி.பி. சமைக்கிறதுக்கான சரக்கு, அதைச் சமைக்கிறோம். 250 மில்லியை அகலமான ஸ்டீல் பாத்திரத்தில் ஊத்தி சிம்மில் வைங்க. அலுமினியம் வேண்டாம், புளிப்பு அரிச்சு உலோக வாடை அடிக்கும். 15, 20 நிமிஷத்தில் 100 மில்லிக்கு வந்துடும். கரண்டி முதுகில் படிஞ்சதை விரலால் இழுத்தா கோடு மெதுவா மூடணும், அப்பவே இறக்கிடணும். ஆறினா இன்னும் இறுகும். அடுப்பிலேயே தேன் பதம் பார்த்தீங்கன்னா ஆறினதும் கம்மர்கட்தான். இறுகினதை வெந்நீர் விட்டு இளக்கலாம், கருகின கசப்பை எடுக்கவே முடியாது.

பீப்பாய்க்காரன்:
புளிப்பு என்ன ஆகிறது என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. அசிட்டிக் அமிலத்தின் கொதிநிலை 118 டிகிரி. மூக்கில் ஏறும் ஆவியோடு கொஞ்சம் போகும், பெரும்பகுதி பாத்திரத்திலேயே தங்கும். 6 சதவீதப் புளிப்பு உள்ளதைப் பாதிக்கும் கீழே சுண்டவைத்தால் முன்னைவிடப் புளிக்கத்தான் செய்யும். சாறு அதிகம் இருந்தால் இனிப்பும் சேர்ந்து ஏறி அதை மறைக்கும். மலிவுப் பாட்டிலில் மறைக்க ஒன்றும் இருக்காது, எல்லாரும் சர்க்கரையைக் கொட்டுகிறார்கள். பிறகு அது வெறும் பாகு.

அடுப்படி:
அதுக்குத்தான் லேபிளைப் படிக்கணும். பட்டியலில் திராட்சைச் சாறு முதலில் இருந்தா காய்ச்சலாம். ஒயின் வினிகர் முதலில் இருந்தா சாலட்டுக்கு வெச்சுக்கோங்க: 1 பங்குக்கு 3 பங்கு ஆலிவ் எண்ணெய். உப்பை வினிகரில் கரைச்சுட்டு எண்ணெய் ஊத்துங்க, எண்ணெயில் உப்பு கரையாது.

கத்துக்குட்டி:
பாட்டிலில் கெட்டியாகவே வரும் பால்சாமிக் 'கிளேஸ்' வாங்கினால் போதாதா? அல்லது புளியும் வெல்லமும் கரைத்துக் காய்ச்சினால்?

பீப்பாய்க்காரன்:
கிளேஸில் பெரும்பாலும் குளுக்கோஸ் பாகும் ஸ்டார்ச்சும் இருக்கும். தட்டில் கோலம் போட உதவும். புளி-வெல்லம் நல்ல சாஸ்தான், ஆனால் புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், அது ஆவியாகாது. வினிகரின் அந்த நெடி வராது.

அடுப்படி:
சிக்கனோ காளானோ வதக்கினதும் மிச்ச எண்ணெயை வடிச்சுட்டு, சூடான கடாயில் 2 மேசைக்கரண்டி பால்சாமிக் விட்டு அடியைச் சுரண்டுங்க. அரை நிமிஷத்தில் இறக்கி, ஒரு துண்டு வெண்ணெய். இதுக்கு எந்த மச்சும் வேண்டாம். ஆனா கிரில் பண்றதுக்கு முன்னால் கெட்டியா பூசாதீங்க, உள்ளே வேகறதுக்குள்ள வெளியே சர்க்கரை கருகிடும். கடைசி 2, 3 நிமிஷம் தடவினா போதும்.

பீப்பாய்க்காரன்:
இதை ஒத்துக்கொள்கிறேன், ஐ.ஜி.பி.க்கு மட்டும். 100 மில்லி புட்டியில் வரும் ட்ரடிஷனாலே என்றால் பார்மிஜானோ சீஸ் துண்டிலோ ஸ்ட்ராபெரியிலோ சில சொட்டு. ரிசொட்டோவில் (குழைவான இத்தாலியச் சோறு) என்றால் இறக்கிய பிறகு. இன்னொன்று: கப்ரேஸே சாலட்டில் இந்தக் கறுப்புப் பாகு எதற்கு? அது தென் இத்தாலியின் கம்பானியா பக்கத்துச் சாலட். தக்காளி, மொசரெல்லா சீஸ், துளசி இன பேசில், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். தக்காளியிலேயே புளிப்பு இருக்கிறது.

அடுப்படி:
நல்ல தக்காளியில் இருக்கும். சப்புனு இருக்கிற தக்காளிக்கு நாலு சொட்டு விடத்தான் செய்வேன். ஒண்ணு, பரிமாறும்போது விடணும். முன்னாடியே விட்டா மொசரெல்லா விடுற தண்ணியில் கலந்து தட்டு முழுக்கப் பழுப்பாயிடும்.