பிரீதருக்கு ‘வளிபோக்கி’ என்று வைக்கலாம்

வணக்கம்.

எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் குழாயான ‘பிரீதர்’ (breather) என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே முன்வைத்த ‘மூச்சுக்குழல்’ எனக்கு ஒப்பவில்லை. உடற்கூற்றியலில் அது ஏற்கெனவே வேறொன்றின் பெயர், அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எஞ்சினில் அந்த உறுப்பு எதற்கு இருக்கிறது என்பதை அந்தப் பெயர் சொல்லவே இல்லை. காரைக்குடியில் நாங்கள் மூன்று மாதம் பட்ட பாட்டை வைத்துத்தான் சொல்கிறேன்.

என் தம்பி 1489 சிசி பழைய பெட்ரோல் எஞ்சின் ஒன்றை வீட்டுப் பின்கட்டில் போட்டு, முழுக்கப் பிரித்து, தானே மறுபடி கோத்துக் காரில் ஏற்றினான். நன்றாகவே ஓடியது. ஆனால் விடிந்து பார்த்தால் கொட்டகைத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். (முகப்புப் பக்கம் வண்டியைக் கொண்டுவரவே அப்பத்தா விடவில்லை. ஆத்தங்குடிக் கல்லில் அந்தக் கறுப்புக் கறை ஏறினால் போகாது என்பது அவர் கவலை, நியாயமான கவலை.)

எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவருக்குக் கசிவைத் தடுக்கும் கார்க் பேக்கிங் மூன்று தடவை மாற்றினான். அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பை நான்கு தடவை இறக்கினான். போல்ட்டை இறுக்க இறுக்க ஓட்டையைச் சுற்றி சம்ப்பின் விளிம்பு குழிந்துபோய், இரண்டு போல்ட்டுக்கு நடுவில் இன்னும் அதிகமாகக் கசிந்தது. விளிம்பைத் தட்டி மட்டம் பார்த்துப் போட்டும் தீரவில்லை. ஊருக்குள் ஓட்டினால் பொசிவு, திருமயம் வரை வேகமாகப் போய்வந்தால் ஒழுக்கு. கடைசியில் எஞ்சினை மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, முகப் பவுடர் தூவி ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு இடம் காட்டும் என்று நினைத்தால் மேல் மூடி, பக்க மூடி, சுழலும் தண்டான கிராங்கின் பின்முனை என்று எல்லாப் பக்கமும் பவுடர் கறுத்தது. எல்லா பேக்கிங்கும் ஒரே நாளில் கெடுமா என்ன?

ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி அந்த வாயில் கையை வைத்தேன், உள்ளேயிருந்து காற்று கையைத் தள்ளியது. எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமான பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கத்தான் செய்யும், புது எஞ்சினிலும் இறங்கும், ரிங் படியாத எஞ்சினில் கூடுதலாக இறங்கும். அது வெளியேறத்தான் பக்க மூடியிலிருந்து ஒரு குழாய் கீழே போகிறது. அந்தக் குழாய்க்கு வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தான் தம்பி, உள்ளே பழைய மசி கல்லாக இறுகிக் கிடந்தது. வழி இல்லாத வாயு எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு கிடைத்த இடுக்கில் எல்லாம் வெளியே வருகிறது. இந்த எஞ்சினில் கிராங்கின் பின்முனைக்கு ரப்பர் ஆயில் சீல் கிடையாது, தண்டில் வெட்டிய மரைதான் எண்ணெயை உள்ளே திருப்பிவிடும், உள்ளே அழுத்தம் ஏறிவிட்டால் அந்த மரையால் ஒன்றும் செய்ய முடியாது. குழாயைச் சுரண்டிக் கழுவி மாட்டினோம். எந்த பேக்கிங்கையும் தொடவில்லை. ஒழுக்கு நின்றது, பின்முனையில் மட்டும் லேசான பொசிவு இருக்கிறது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘காலதர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மாளிகைச் சாளரத்துக்கு வரும் சொல், கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. நகரத்தார் தங்கள் பூர்வீகமாகச் சொல்வதும் அந்தப் புகாரைத்தான், அதனால் எனக்கு அந்தச் சொல் மேல் தனிப் பிரியம் உண்டு. வால்வை நம்மில் சிலர் ‘ஓரதர்’ என்று எழுதுவதால் அதோடு இணையாகவும் நிற்கும். ஆனாலும் சாளரம் காற்று வர வைப்பது, இது வாயு போக வைத்தது. பட்டறையில் சொன்னால் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

‘வளிபோக்கி’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை. புகைபோக்கி எல்லாருக்கும் தெரியும், அது அடைத்துக்கொண்டால் அடுப்படி என்ன ஆகும் என்பதும் தெரியும். என் தம்பிக்கு அந்தக் குழாய் இந்தப் பெயரில் அறிமுகமாகியிருந்தால் முதல் வாரமே அதைக் கழற்றிப் பார்த்திருப்பான் என்று உறுதியாக நம்புகிறேன். ‘ஆவிபோக்கி’ வேண்டாம், கொதிகலன் நினைவு வந்துவிடும்.

இந்தச் சொல்லிலிருந்து மற்றதையும் கட்டலாம். ரிங்கைத் தாண்டி வரும் வாயு ‘தாண்டுவளி’. 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் புகைமாசுக்காகக் கொண்டுவந்தார்களே, தாண்டுவளியை வெளியே விடாமல் எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயான இன்லெட் மேனிஃபோல்டின் உறிஞ்சலால் இழுத்து மறுபடி எரிக்கும் ஏற்பாடு, அது ‘உறிஞ்சு வளிபோக்கி’. அதில் இருக்கும் வால்வு ‘வளிபோக்கி ஓரதர்’.

அப்புறம், ‘வளிப்போக்கி’ என்று ஒற்று மிகுத்து எழுத வேண்டாம். வளியைப் போக்குவது என்ற பொருளில் வருவதால் புகைபோக்கி போலவே மிகாது. ‘தாண்டுவளி’யில்தான் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை, ‘நழுவுவளி’ நன்றாக இருக்குமா என்று பாருங்கள்.