உதவி: ஒரே வரியில் அரபு, உருதுப் பெயர்கள் இடம் மாறுகின்றன

நூலகத்தான்:
எங்கள் ஊர் நூலகப் பட்டியலின் மேலே, எந்த மொழியில் எத்தனை நூல்கள் என்று ஒரே வரியில் காட்டுகிறேன். ஒவ்வொரு மொழியின் பெயரும் அதன் எழுத்திலேயே இருக்கிறது. நான் கொடுத்தது: தமிழ் 112 | அரபுத்தமிழ் 9 | அரபு 7 | உருது 4. திரையில் வருவதோ: தமிழ் 112 | 4 உருது | 7 அரபு | 9 அரபுத்தமிழ். (உங்கள் வசதிக்காக இங்கே எல்லாவற்றையும் தமிழில் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் தமிழ் தவிர மற்ற மூன்றும் அரபு எழுத்தில் இருக்கின்றன.) நாளை காலை செயலாளரிடம் காட்ட வேண்டும். அவசரம்.

இடைவெளி:
எந்த உலாவி? கணினியா, கைபேசியா? நிரலைப் போடாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

மைக்கூடு:
எழுத்துருதான் காரணம். உருதுவுக்கு நஸ்தலீக் எழுத்துரு போட்டுப் பாருங்கள். எனக்கு ஒருமுறை எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது, எழுத்துருவை மாற்றியதும் சரியாயிற்று.

இடைவெளி:
கட்டம் வருவது வேறு, வரிசை மாறுவது வேறு.

மூத்த நிரலர்:
வாரம் ஒருவர் இதையே கேட்கிறீர்கள். இருதிசை எழுத்துகள் கலந்து வந்தால் எப்படி அடுக்குவது என்று சொல்லும் யூனிகோடு தர இணைப்பு 9 என்று ஒன்று இருக்கிறது, அதைப் படித்தவருக்கு இது கேள்வியே அல்ல. அரபு எழுத்துக்கு வலமிருந்து இடம் என்று உறுதியான திசை உண்டு. எண்ணுக்கு வலுக் குறைவு. இடைவெளிக்கும் நடுக்கோட்டுக்கும் சொந்தத் திசையே கிடையாது, அக்கம்பக்கத்தாரோடு போய்விடும். ஆகவே அரபுத்தமிழ் தொடங்கி 4 வரை மொத்தமும் வலமிருந்து இடம் போகும் ஒரே ஓட்டமாகிவிட்டது. தமிழ் தப்பித்தது. உலாவி தவறு செய்யவில்லை, தாங்கள்தான்.

நூலகத்தான்:
நன்றி ஐயா. ஆனால் நான் என்ன செய்ய வேண்டும்?

மைக்கூடு:
மொத்த வரிக்கும் வலமிருந்து இடம் என்று திசை கொடுத்துவிடுங்கள்.

இடைவெளி:
வேண்டாம், தமிழ் வலது கோடிக்குப் போய்விடும். நூலகத்தாரே, இவை பட்டியல் உருப்படிகளா, வரிக்குள் ஒரு துண்டைச் சுற்றும் வெறும் ஸ்பேன் (span) குறிகளா?

நூலகத்தான்:
ஸ்பேன். பட்டியலாகப் போட்டால் முன்னால் புள்ளி வருகிறதே என்று மாற்றினேன்.

இடைவெளி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். பட்டியல் உருப்படிகளை ஒரே வரியில் அடுக்கினாலும் ஒன்று மற்றொன்றின் திசையைத் தொடாமல் தனித்தனியே வைக்க வேண்டும் என்பது வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல் மொழியின் இன்றைய தரநிலை. ஸ்பேனுக்கு அந்த வேலி இல்லை. ஒவ்வொரு ஸ்பேனிலும், திசையைச் சொல்லும் டிஐஆர் (dir) பண்புக்கு ஆட்டோ (auto) என்று கொடுங்கள், உள்ளே இருக்கும் எழுத்தைப் பார்த்து உலாவியே திசையை முடிவு செய்யும்.

நூலகத்தான்:
வரிசை சரியாகிவிட்டது. எண் மட்டும் இன்னும் பெயருக்கு இடப்பக்கம் நிற்கிறது.

கடலோரம்:
அரபு படிப்பவருக்கு அதுதான் சரி. அது இருக்கட்டும், அரபுத்தமிழை ஏன் தனி மொழியாகப் போட்டீர்கள்? அரபு எழுத்தில் எழுதிய தமிழ் அது. தமிழோடு கூட்டி 121 என்று போடுங்கள்.

மைக்கூடு:
அப்படியானால் மொழிக்குறி தமிழ் என்று கொடுத்தால் உலாவி தானாகவே இடமிருந்து வலம் காட்டுமே?

மூத்த நிரலர்:
மொழிக்குறி திசையைத் தீர்மானிக்காது. எத்தனை முறை சொல்வது?

கடலோரம்:
எழுத்து மாறினால் மொழி மாறிவிடுமா? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கேட்டுப் பாருங்கள்.

இடைவெளி:
அதற்குத் தனி இழை திறங்கள். எண் விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டோவை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும், திசையைத் தனிப்படுத்தும் பிடிஐ (bdi) குறிக்குள் வையுங்கள், எண் வெளியே இருக்கட்டும். வெளியிலிருந்து பார்த்தால் பெயர் ஒரு பொட்டலம், உள்ளே இருப்பது அரபா தமிழா என்று எண்ணுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு வலப்பக்கம் நிற்கும்.

மூத்த நிரலர்:
பெயருக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடம்-வலக் குறி ஒன்றைச் செருகினாலும் போதும். நாங்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தோம்.

இடைவெளி:
செய்தீர்கள், அந்தக் குறி தரவுக்குள் புகுந்தது, பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும் இரண்டு பெயர்கள் தேடலில் பொருந்தாமல் போயின. அதைத் துடைக்கும் வேலை எங்களுக்கு வந்தது.

நூலகத்தான்:
பிடிஐ சரியாக வந்துவிட்டது. நன்றி.

கடலோரம்:
121 என்று மாற்றினீர்களா?