டி-ஷர்ட் முதலில் வரட்டுமா, காணொளி முதலில் வரட்டுமா?

தார்ச்சாலை:
நாங்கள் ஐவர் திருவான்மியூரிலும் பெசன்ட் நகரிலும் ஸ்கேட்போர்டு ஓட்டுகிறோம். இரண்டு ஆண்டுகளாக எடுத்த காட்சிகள் பதினெட்டு மினிடிவி என்னும் சிறு காணொளி நாடாக்களில் கிடக்கின்றன. கேமரா சோனி விஎக்ஸ் 1000. 1995இல் வந்த அந்தப் பழைய கேமராவுக்கு ரிச்சி தெருவில் ஒரு பெரியவர்தான் மறுபடியும் உயிர் கொடுத்தார். இருபது நிமிடக் காணொளி ஒன்றை வெளியிட்டுவிட்டு, அந்தப் பெயரிலேயே ஒரு சிறு பிராண்டைத் தொடங்குவது எங்கள் திட்டம். எங்களுள் ஒருவர் மட்டும், முதலில் டி-ஷர்ட்டுகளை விற்போம், அந்தப் பணத்தில் காணொளியை நிதானமாக முடிப்போம் என்கிறார். நால்வருக்கு எதிராக அவர் ஒருவரே என்றாலும், சேமிப்பு இருப்பது அவரிடம் மட்டும்தான் என்பதால் இது வாக்கெடுப்பில் தீரும் விஷயமாக இல்லை. இரண்டில் ஒன்றையாவது செய்து பார்த்தவர்கள் உங்கள் கருத்தை எழுதுங்கள்.

பனியன்காரன்:
உங்களுடைய அந்த ஐந்தாமவர் பக்கம்தான் நான். சொந்த ஊர் திருப்பூர். எங்கள் ஊரில் பின்னலாடை எதுவாயினும் பனியன்தான் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

பனியனில் போட்ட பணம் திரும்பி வரும்; காணொளியில் போட்டது வராது. வெளிநாட்டுச் சிறு ஸ்கேட் பிராண்டுகள் பலவும் ஸ்கேட் பலகையில் சொற்ப லாபத்தோடு நின்றுகொண்டு, துணி விற்றுத்தான் பிழைக்கின்றன. பலகைக்கு வேண்டிய கனடா மேப்பிள் நம் ஊரில் விளைவதில்லை. ஏழு அடுக்கு ஒட்டிய வெற்றுப் பலகைகளைச் சீனாவிலிருந்து தருவித்தாலும், கப்பல் கூலியும் சுங்க வரியும் ஏறிய பிறகு அந்த விலையைக் கேட்கும் கல்லூரி மாணவன் பலகையை மெல்லக் கீழே வைத்துவிடுவான். பருத்தித் துணியோ ஓர் இரவுப் பயணத் தொலைவில் கிடைக்கிறது.

180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) துணி போதும் என்று உங்களிடம் சொல்வார்கள். அதில் பெட்டி வடிவத்துத் தளர்ந்த சட்டை எடுப்பாக நிற்காது. 240 கேளுங்கள், சென்னை வெயிலுக்குக் கனம் என்று தோன்றினால் 210க்குக் கீழே இறங்காதீர்கள். அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டம், அதாவது மை இறக்கும் திரை, போட வேண்டும். பத்து பனியனானாலும் நூறு பனியனானாலும் சட்டத்துக்கான கூலி ஒன்றேதான். ஆகவே முதல் வடிவம் ஒரே நிறத்தில் இருக்கட்டும். துணியை உங்களுக்கென்று தனி நிறத்தில் சாயமேற்றப் போனால், சாயப்பட்டறை கேட்கும் குறைந்தபட்ச அளவு உங்கள் ஐவருக்கும் ஆயுள் முழுவதும் உடுத்தப் போதும்.

முன்னுதாரணம் வேண்டுமானால் அமெரிக்க ஸ்கேட் பிராண்டான சுப்ரீமைப் பாருங்கள். 1994இல் நியூயார்க்கில் கடை திறந்தவர்கள், முழுநீளக் காணொளியை வெளியிட்டது 2014இல். நடுவில் இருபது ஆண்டுகள் துணி விற்றார்கள்.

உப்புக்காற்று:
பனியன்காரன் அண்ணா, துணியைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். சுப்ரீம் கணக்கைத்தான் பாதியில் விட்டுவிட்டீர்கள். 1995இலேயே அவர்கள் ஒரு குறும்படம் வெளியிட்டார்கள். கடையின் நடுப்பகுதியைக் காலியாக விட்டு, பலகையை விட்டு இறங்காமலே உள்ளே வர வழி வைத்திருந்தார்கள்; கடையில் வேலை பார்த்தவர்களும் ஸ்கேட்டர்கள். ஆள் இருந்தான், இடம் இருந்தது, படமும் இருந்தது. அதன் மேல்தான் துணி விற்றது. பிறகு 2020இல் விஎஃப் என்னும் அமெரிக்க ஆடை நிறுவனம் அந்தப் பிராண்டை 210 கோடி டாலருக்கு வாங்கியது. 2024இல் எஸ்ஸிலோர்லக்சோட்டிகா என்னும் மூக்குக்கண்ணாடி நிறுவனத்துக்கு 150 கோடிக்குக் கைமாற்றியது. விற்பனை தெரிந்த நிறுவனத்துக்கே அதன் மதிப்பைக் காப்பாற்ற முடியவில்லை.

தார்ச்சாலை தம்பிக்குச் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது. ஒரு நாடாவில் 60 நிமிடம். கணினியில் ஏற்றினால் ஏறத்தாழ 13 ஜிபி. பதினெட்டு நாடாவும் சேர்ந்து ஒரு சிறிய ஹார்ட் டிஸ்கின் மூலையில் அடங்கிவிடும். ஆனால் நாடாவை ஓடவிட்டுத்தான் ஏற்ற முடியும் என்பதால் பதினெட்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கேமராவை இணைக்கும் ஃபயர்வயர் துளை உள்ள பழைய கணினி ஒன்றையும் தேட வேண்டும். இதை ஐப்பசி மழைக்கு முன் செய்துவிடுங்கள். நான் நாடாக்களைப் பரணில் அட்டைப்பெட்டியில் வைத்திருந்தேன். ஒரு மழைக்காலம் கழித்துத் திறந்தபோது சுருளின் ஓரத்தில் சுண்ணாம்பைத் தடவியதுபோல் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. அதை ஓட்டப்போய் நாடாவைப் படிக்கும் கேமராவின் தலையும் கெட்டது. பனியனை அடுத்த ஆண்டும் அச்சடிக்கலாம். என் நண்பன் நேப்பியர் பாலத்தருகே முதன்முதலாகத் தரையிறக்கிய கிக்ஃபிளிப் (குதித்துப் பலகையைக் காற்றில் சுழற்றும் தந்திரம்) என்னிடம் இப்போது இல்லை. அவனும் துபாய் போய்விட்டான்.

எட்டு மில்லிமீட்டர்:
விவாதத்துக்குத் தொடர்பில்லாத குறிப்பு, மன்னிக்கவும். கடற்கரையில் ஓட்டுகிறவர்கள் சக்கரத்தின் பேரிங் துருப்பிடிக்கிறது என்று வெளிநாட்டுப் பேரிங்குக்குக் காத்திருக்க வேண்டாம். அது சாதாரண 608 அளவு. சிறு மோட்டார்களில் இருப்பதும் அதுவே. பாரிமுனையில் எண்ணைச் சொன்னாலே எடுத்துக் கொடுக்கிறார்கள்.

பனியன்காரன்:
உப்புக்காற்று தம்பி, நாடாக்களை முதலில் கணினியில் ஏற்ற வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் காணொளியை முதலில் வெளியிடுவதற்கும் என்ன தொடர்பு? கலை, வியாபாரம் என்று நீங்கள் இரண்டாகப் பிரித்துப் பேசுவது வரலாற்றுக்கும் பொருந்தவில்லை. 1984இல் பவல் பெரால்டா நிறுவனம் தன் ஸ்கேட் குழுவான போன்ஸ் பிரிகேட் காணொளியை எடுத்தது தன் பலகைகளை விற்பதற்காகத்தான். ஸ்கேட் காணொளி என்னும் வடிவமே விளம்பரமாக வளர்ந்தது என்னும்போது, துணிக்கு விளம்பரமாவதில் அதற்கு என்ன குறை வந்துவிடும்? இன்றைக்கு இருபது நிமிடப் படத்தை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? அதே காட்சிகளை முப்பது நொடித் துண்டுகளாக ரீல்ஸில் வெளியிட்டால் பனியன் விற்கும், பலகை வாங்கலாம், அந்தப் பலகையில் இன்னும் நல்ல காட்சிகள் கிடைக்கும்.

உப்புக்காற்று:
அண்ணா, அந்தக் கேமராவோடு ஒரு நாள் வாருங்கள், துண்டு போடுவதில் என்ன போகிறது என்று காட்டுகிறேன். படமெடுப்பவனும் பலகையில்தான் வருவான். மேல்பிடியைப் பற்றிக் கேமராவைக் கணுக்கால் உயரத்தில் தொங்கவிட்டு, முன்னால் போகிறவனின் சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில் அகன்ற கோணத்தில் வளைத்துக் காட்டும் ஃபிஷ்ஐ கண்ணாடியை வைத்துக்கொண்டு துரத்துவான். தன் சக்கரம் சத்தம் போடக் கூடாதென்று 78ஏ மென்மையில் ரப்பர் போன்ற சக்கரம் அவனுக்கு. முன்னவனுக்கு 99ஏ அல்லது 101ஏ கடினம். தியாகராய சாலையின் அகன்ற நடைபாதையில் விடியற்காலையில் ஓட்டினால் கல் இணைப்புகளைத் தாண்டும் சத்தம் தாளம்போல் ஒரே சீராக வரும். குதிக்கும் இடத்தில் அது நின்று, இறங்கும் இடத்தில் மறுபடி தொடங்கும். மூன்று தந்திரங்களை நிறுத்தாமல் கோத்த ஒரு லைனில் பார்ப்பவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது அந்த இடைவெளிக்காகத்தான். 4:3 படச் சட்டத்தை நெடுக்காக வெட்டினால் இரு பக்கத்துத் தரையும் போய்விடும். முப்பது நொடிக்குள் அடைத்தால் விழுந்து எழுந்ததெல்லாம் போய்விடும். மிஞ்சுவது எந்த ஊரிலும் எடுத்திருக்கக்கூடிய ஒரு குதிப்பு மட்டுமே.

ஸ்கேட்போர்டு ஓட்டும் மாமல்லபுரத்துச் சிறுமி கமலியைப் பற்றிய குறும்படம் 2020இல் பாஃப்டா என்னும் பிரிட்டிஷ் திரைப்பட விருதின் பரிந்துரை வரை போனது. நல்ல படம். ஆனால் அதை எடுக்க வெளிநாட்டிலிருந்து ஓர் இயக்குநர் வர வேண்டியிருந்தது. நம் கடற்கரையில் நாமே ஓட்டியதை நாமே எடுத்து வைத்திருக்கும்போது, அதைச் சட்டை விற்பதற்குத் துண்டுதுண்டாகச் செலவழிப்பது எனக்கு ஒப்பவில்லை.

நடைமேடை:
இருவரும் கவனிக்காத ஒன்று. உங்கள் காட்சிகளில் பறக்கும் ரயில் நிலையங்கள் இருக்கின்றனவா? ஆளரவமற்ற அந்த வழவழப்பான தரை எல்லோரையும் இழுக்கும் என்பதால் கேட்கிறேன். ரயில்வே வளாகத்தில் அனுமதியின்றி நுழைந்தால் 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். நண்பர்களுக்குள் பார்ப்பது வேறு. பிராண்டின் பெயரைப் போட்டு வெளியிட்டால், நாங்கள்தான் நுழைந்தோம் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தந்ததற்குச் சமம்.

பெயரையும் பதிவு செய்துகொள்ளுங்கள். கிண்டியில் வணிகச் சின்னப் பதிவகம் இருந்தாலும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். துணி 25ஆம் வகுப்பு, பலகை 28ஆம் வகுப்பு. இரண்டுக்கும் பணமில்லையென்றால் 25ஐ முதலில் பதியுங்கள். திருட்டு அச்சு அங்கேதான் நடக்கும்.

பனியன்காரன்:
நடைமேடை சொன்னதோடு ஒரு கேள்வி. லாபம் வந்தால் யாருக்கு? கேமராவுக்குச் சொந்தக்காரருக்கா, பணம் போட்டவருக்கா, மணிக்கட்டை உடைத்துக்கொண்டவருக்கா? எனக்குத் தெரிந்த ஒரு குழு இதைப் பேசாமலே தொடங்கி, நாற்பது பனியன் விற்ற கையோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டது. உப்புக்காற்று இதற்குப் பதில் சொன்னால் பாதி தூரம் இறங்கி வருகிறேன்.

உப்புக்காற்று:
காட்சியில் வருகிறவனுக்கே முதல் பங்கு. ஒரு நிமிடத்துக்கு மேல் படத்தில் இருக்கிறவனுக்கு அவன் பெயரில் ஒரு பனியன் அச்சடித்து, அதில் வரும் லாபத்தில் பாதியை அவனுக்குக் கொடுங்கள். பலகை பிராண்டுகள் ஓட்டுகிறவன் பெயரில் பலகை போட்டு விற்பனையில் பங்கு கொடுத்தது இந்த முறையில்தான். அவன் யாரென்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருந்தால்தான் அந்தப் பனியன் விற்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், அண்ணா.

பனியன்காரன்:
இது கணக்கு. பத்து பனியன் மாதிரிக்கு என்னிடம் வாருங்கள், சட்டக் கூலியை நான் பார்த்துக்கொள்கிறேன். ரீல்ஸ் விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை.

தார்ச்சாலை:
எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு ஐவரும் உட்கார்ந்து பேசினோம். நாடாக்களை ஏற்றும் வேலையை இன்று தொடங்குகிறோம். எட்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்திருக்கிறோம். நிலையத்தில் எடுத்த காட்சிகள் நாலரை நிமிடம் வருகின்றன. எங்களிடம் இருப்பவற்றுள் அவையே சிறந்தவை என்பதால் வெட்டுவதா, அனுமதி கேட்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. பணம் வைத்திருக்கும் நண்பர் வெட்ட வேண்டும் என்கிறார். அந்த நாலரை நிமிடத்தில் மூன்று நிமிடம் ஓட்டியிருப்பவரும் அவர்தான்.