2 வருட அமெரிக்க சிங்கிள் மால்ட், இது இப்படித்தான் இருக்குமா?

சிப்புட்_தம்பி:
வணக்கம் அண்ணன்மாரே. டென்வரில் வேலை செய்யும் மச்சான் லீவுக்குச் சுங்கை சிப்புட் வந்தபோது ஒரு போத்தல் அமெரிக்க சிங்கிள் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லியிலிருந்து ஒரே ஆலையில் வடித்த விஸ்கி, கொண்டுவந்தார். வயது 2 வருடம், ஆல்கஹால் 50 சதவீதம். நிறம் கெட்டியான தே ஓ (பால் விடாத தேநீர்) மாதிரி, எங்கள் வீட்டில் திறந்த 12 வருட ஸ்காட்ச்கூட இவ்வளவு கருத்து இருந்ததில்லை. ஆனால் மூக்கருகே கொண்டுபோனால் வார்னிஷ் வாடை குப்பென்று ஏறுகிறது, வாயில் வைத்தால் முதலில் வெண்ணிலா, கொஞ்சம் தேங்காய், அப்புறம் பச்சைத் தானிய வாசம், கடைசியில் தொண்டை எரிச்சல். கூட்டாளிகள் "பிஞ்சு சரக்கு, கோக் ஊற்றி முடித்துவிடு" என்கிறார்கள். ஆசையாக வாங்கி வந்தது, மனம் வரவில்லை. ஐஸா, தண்ணீரா? இல்லை, நாலைந்து வருடம் அலமாரியில் வைத்தால் பக்குவப்படுமா?

பிளஸ்_ஆற்றோரம்:
அலமாரியில் 20 வருடம் வைத்தாலும் அது 2 வருட விஸ்கிதான் தம்பி. பீப்பாயை விட்டு இறங்கியதும் வயது ஏறுவது நின்றுவிடும்.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதே. ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் போர்பன் என்ற அமெரிக்கச் சோள விஸ்கி ஊறிய பழைய பீப்பாயில்தான் ஊற்றுகிறார்கள், அதனால் மரம் மெதுவாகத்தான் இறங்கும். அமெரிக்காவில் உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயிலும் சிங்கிள் மால்ட் ஊறவைக்கலாம். பழைய பீப்பாயும் செல்லும், சட்டம் இரண்டையும் விட்டுவைத்திருக்கிறது. புது மரம் நிறத்தையும் வெண்ணிலாவையும் தேங்காய் வாசத்தையும் சீக்கிரமே கொடுத்துவிடும், ஆனால் சாராயத்தின் பச்சை வாடை அடங்க மரத்தின் வழியே காற்றுப் பட்டுப் பட்டு வருடங்கள் போக வேண்டும், அதற்குக் குறுக்கு வழி இல்லை. உன் போத்தலில் மரம் முந்திக்கொண்டது, மால்ட் இன்னும் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. அதனால் இரண்டையும் தனித்தனியாகத் தேடிப் பார், மரம் என்ன சொல்கிறது, பார்லி என்ன சொல்கிறது என்று.

ஐஸ் வேண்டாம், வாசம் செத்துவிடும். ஆனால் நம் ஊரில் மத்தியானம் 32 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் ஆவியாகி மூக்கில் அடிக்கும், உன் வார்னிஷ் வாடையில் பாதி அதுதான். ராத்திரி குடி, கிளாஸை மட்டும் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வை. 30 மில்லி ஊற்றிப் பத்து நிமிடம் சும்மா விடு. அப்புறம் ஒன்றரைத் தேக்கரண்டித் தண்ணீர், அதாவது 7.5 மில்லி விட்டால் 50 சதவீதம் 40 ஆகிவிடும். ஒரேயடியாக ஊற்றாதே, துளித்துளியாக விட்டு நடுநடுவே மோந்து பார். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு மோந்தால் எரியாது.

செம்பனை_காடு:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் ஒன்று கேட்கிறேன், 2 வருடச் சரக்கை எதற்கு இவ்வளவு தாங்க வேண்டும்? ஸ்காட்ச் என்றால் குறைந்தது 3 வருடம் ஊறியாக வேண்டும். இவர்கள் அமெரிக்க சிங்கிள் மால்ட்டுக்கென்று தனி விதி கொண்டுவந்ததே 2025 ஜனவரியில்தான். அதிலும் 100 சதவீதம் மால்ட் பார்லி, ஒரே ஆலையில் வடித்தது, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாய் என்றெல்லாம் இருக்கிறது, குறைந்தபட்ச வயது மட்டும் இல்லை. லேபிளில் 'ஸ்ட்ரெயிட்' என்று போட்டால்தான் 2 வருடம் கட்டாயம். நம் நாட்டு வரியோடு கடையில் வாங்குவதென்றால் அந்தக் காசுக்கு நான் பெங்களூர் அம்ருத் சிங்கிள் மால்ட் எடுப்பேன். ஓசியில் வந்தது, குடிக்கலாம்.

பிளஸ்_ஆற்றோரம்:
அம்ருத்தும் வயதை வைத்துப் பிழைப்பது இல்லையே ஐயா! வெயில் ஊரில் பீப்பாய் வேகமாக வேலை செய்யும், வருடா வருடம் ஆவியாகிப் போவதும் அதிகம். டெக்சஸ் பால்கோனீஸ் ஆலைக்கும் அதே கதைதான். இதெல்லாம் நேற்று முளைத்ததும் இல்லை, கலிஃபோர்னியாவில் செயின்ட் ஜார்ஜ் 2000-லேயே சிங்கிள் மால்ட் விற்றது, தம்பியின் மச்சான் இருக்கும் டென்வரில் ஸ்ட்ரானஹன்ஸ் 2004-ல் தொடங்கியது. சியாட்டல் வெஸ்ட்லேண்ட்காரர்கள் பீர் காய்ச்சுவதுபோல் வறுத்த மால்ட்டும் சேர்க்கிறார்கள், அதில் வரும் கோக்கோ வாசத்தை ஸ்காட்ச்சில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். 12 வருட ஸ்காட்ச் மாதிரி இல்லையே என்று குடித்தால் இது எப்போதும் தோற்கும்.

லயத்து_அக்கா:
என்னவோ பேசுங்கள். சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்து அழிந்த குடும்பங்களைத் தோட்டத்தில் பார்த்து வளர்ந்தவள் நான், கிளாஸில் 30 மில்லியோடு நிற்கிற பேச்சைக் கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. தம்பி, சம்பால் சாப்பிட்ட வாயோடு உட்காராதீர்கள், ஒன்றும் தெரியாது. காரமில்லாத புந்தோங் கச்சாங் பூத்தே, அந்தக் கடலை நொறுக்குத் தீனி போதும்.

சிப்புட்_தம்பி:
நேற்று ராத்திரி அண்ணன் சொன்னபடி செய்தேன். தண்ணீர் விட விட வார்னிஷ் போய்ப் பச்சை ஆப்பிள் வந்தது, அப்புறம் பிஸ்கட் வாசம், அதுதான் பார்லி போலிருக்கிறது. கடைசியில் மரத்தூள் கசப்பு ஒன்று நாக்கில் நிற்கிறது, அது மட்டும் போகவில்லை.

பிளஸ்_ஆற்றோரம்:
அது புது ஓக். போகாது. போத்தலைப் படுக்க வைக்காதே, இந்தச் சதவீதத்துக்குத் தக்கை அரித்துவிடும்.