பொருள்: ஆர்ட்டிலரி டிராக்டர் – தமிழில் என்ன?

அன்புள்ள நண்பர்களுக்கு,
இரண்டாம் உலகப் போர் ஊர்திகள் பற்றிய படநூல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை படக்குறிப்புகள் போயாக வேண்டும். சோவியத்தின் டி-20 கோம்சமோலெட்ஸ் என்ற ஆர்ட்டிலரி டிராக்டரில் மாட்டிக்கொண்டேன். 1937-இல் வந்தது, சக்கரமில்லை, இரும்புப் பட்டை, 45 மி.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கியை இழுக்கும். ஓட்டுநரும் துப்பாக்கிக்காரரும் கவசத்துக்குள்ளே. பீரங்கி ஆட்கள் ஆறு பேர் பின்னால் திறந்த இருக்கையில், முதுகோடு முதுகாக. இதைக் 'கவச வண்டி' என்று எழுத மனம் வரவில்லை. படத்துக்குக் கீழே இரண்டு மூன்று சொல்லுக்குத்தான் இடம்.
– ச.

ச. அவர்களுக்கு,
முதலில் 'பீரங்கி'யைத் தூக்குங்கள். பறங்கியரோடு வந்த 'ஃபிரங்கி' அது. சேண் + ஏவி = சேணேவி இருக்கிறதே! இழுக்கும் வண்டிக்குப் புறநானூறு 90 பாருங்கள். பாரம் ஏற்றிய வண்டி புதைந்தாலும் மணல் பரக்க, கல் பிளக்க இழுத்துப்போகும் 'பெருமிதப் பகடு', அதாவது எருது. ஔவை அதியமானுக்குச் சொன்னது. சேணேவிப் பகடு. இதைவிட என்ன வேண்டும்?
– ம.

ம. ஐயா,
சேணேவி எங்கள் ஈழத்து எழுத்தில் புழங்கியதுதான். ஆனால் சனத்தின் வாயில் ஆட்லறிதான். டிராக்டருக்கு எங்களிடம் 'உழவு இயந்திரம்' உண்டு. 'பீரங்கி உழவு இயந்திரம்' என்று போட்டால் சிரிப்பார்கள். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது: சோவியத்தின் செல்யாபின்ஸ்க் ஆலையில் வயலுக்கென்று செய்த எஸ்-65 டிராக்டர்களே போரில் கனரகப் பீரங்கிகளை இழுத்தன.
– இ.

பகடு அருமை. ஆனால் பத்தில் எட்டுப் பேர் பகடை என்றுதான் படிப்பார்கள். 'பீரங்கியிழுப்பி'? 'பீரங்கி இழுவை' என்றால் பீரங்கியை இழுப்பதா, பீரங்கி இழுப்பதா என்று தொகையை விரிக்கத் தொடங்கிவிடுவார் ம. ஐயா.
– க.

'இழுப்பி'யில் இழுப்பு நோய் கேட்கிறது.
– ம.

எங்கள் கடற்கரையில் 'இழுவை' என்றால் மீன்பிடிக்கும் இழுவைமடி வலைதான். 'வண்டி' சேர்த்தால் தப்பிக்கலாம்.
– இ.

பட்டை எங்கே போயிற்று? தஞ்சைப் பக்கம் அறுவடைக்கு 'பெல்ட் வண்டியா, டயர் வண்டியா' என்று வாடகை பேசுகிறார்கள். அவர்களுக்கு இருக்கும் தெளிவு நமக்கில்லை. இன்னொன்று: பீரங்கியைச் சொல்லோடு இறுக்கிக் கட்டாதீர்கள். உக்ரைனின் கார்கிவில் செய்த ஏடி-டி பீரங்கி இழுவைதான் கார்கவ்சங்கா என்ற பனிப்பயண வண்டியாக மாறி 1959 டிசம்பரில் தென்துருவம் போனது. அங்கே எந்தப் பீரங்கி?
– க.

தென்துருவம் வேறு நூல், ஐயா. 'பீரங்கி இழுவை வண்டி' என்று அனுப்பிவிட்டேன். பட்டையைப் படமே காட்டிவிடுகிறது. நால்வரில் மூவர் சரி என்றதாகக் கொள்கிறேன்.
– ச.

என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பகடுதான்.
– ம.

சரி ஐயா. அடுத்த பக்கம் ஜெர்மானிய எஸ்டிகேஎஃப்இசட் 7. 88 மி.மீ. பீரங்கியை இழுப்பது. முன்னால் சக்கரம், பின்னால் பட்டை. இந்த 'ஹாஃப்-டிராக்'கை 'அரைப்பட்டை' என்றால் இடுப்பில் கட்டுவது ஆகிவிடுமே?
– ச.