ஒரே மாதிரி இருக்கும் பட்டாம்பூச்சிகள்: அந்த இரண்டு நொடியில் எங்கே பார்ப்பது?

ஈரமண்:

பட்டாம்பூச்சி பார்க்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. கையேட்டில் இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது, வெளியே ஒன்று எதிரே பறந்து வந்தால் படித்ததெல்லாம் மறந்துபோகிறது. வெந்தய வரியன், அதாவது பிளெயின் டைகர், என்று நான் சேர்த்து வைத்திருந்த படங்களில் இரண்டு, அதே மாதிரி தோன்றும் டனைட் எக்ஃபிளை என்ற வேறு இனத்தின் பெண் என்று நண்பர் ஒருவர் சொல்லிவிட்டார். எப்படி என்று கேட்டால் "பார்த்தாலே தெரியும்" என்கிறார். எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன். ரோஜா அழகிக்கும் கறிவேப்பிலை அழகியின் பெண்ணுக்கும் இதே குழப்பம். அப்புறம் அந்தச் சின்ன மஞ்சள் பூச்சிகள், கிராஸ் யெல்லோ வகை, நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது. உட்காருவதே இரண்டு நொடி. அதற்குள் நீங்கள் முதலில் எதைப் பார்க்கிறீர்கள்?

கேமராத்தூசி:

நிறத்தைப் பார்க்காதீர்கள். நீங்கள் சொன்ன முதல் இரண்டு ஜோடியிலும் நிறம்தான் வேஷமே. வெந்தய வரியனின் புழு எருக்கு இலையைத் தின்று வளர்கிறது, அந்த நஞ்சு பூச்சியிலும் தங்குவதால் பறவைகள் ஒருமுறை கடித்துவிட்டு அடுத்த முறை ஒதுங்கிவிடும். எக்ஃபிளை பெண்ணிடம் அப்படி எதுவும் இல்லை, அந்த உடுப்பை மட்டும் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. இந்த விளையாட்டை அமேசான் காட்டுப் பூச்சிகளை வைத்து 1862-ல் பேட்ஸ் என்ற இயற்கையியலாளர் விளக்கினார், இந்த வேஷத்துக்கு அவர் பெயரே நின்றுவிட்டது.

பறவையையே ஏமாற்றும் உடுப்பு நம்மையும் ஏமாற்றும், ஆனால் முழுதாக இல்லை. இறக்கை விரித்து உட்கார்ந்தால் பின்னிறக்கையின் மேற்புறத்தைப் பாருங்கள். வெந்தய வரியனுக்கு நடுவே கறுப்புப் புள்ளிகள் உண்டு: பெண்ணுக்கு மூன்று, ஆணுக்கு நான்கு. ஆணின் நாலாவது புள்ளி உண்மையில் வாசனைப் பை. எக்ஃபிளை பெண்ணுக்கு ஒரே ஒரு புள்ளி, அதுவும் பின்னிறக்கையின் முன் ஓரத்தை ஒட்டி. எண்ண நேரம் கிடைக்கவில்லை என்றால் ஓரத்தைப் பாருங்கள். எக்ஃபிளைக்குப் பின்னிறக்கை விளிம்பு நெளிநெளியாக இருக்கும், வரியனுக்கு வழவழப்பாக இருக்கும். எக்ஃபிளை ஆணைப் பற்றிக் கவலையே வேண்டாம், கறுப்பு இறக்கையில் ஊதா விளிம்பு போட்ட வெள்ளை வட்டங்கள், அதை யாரும் வரியன் என்று நினைக்க மாட்டார்கள்.

ரோஜா அழகிக்கு இன்னும் சுலபம், உடலைப் பாருங்கள். சிவப்பு என்றால் ரோஜா அழகி, கறுப்பு என்றால் கறிவேப்பிலை அழகியின் பெண்.

பழைய நோட்டு:

மேலே சொன்னது சரி, ஆனால் கடைசி வரியில் ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். ரோஜா அழகியின் முதுகு கறுப்பு. சிவப்பு இருப்பது தலையிலும், பக்கவாட்டிலும், அடிவயிற்றிலும். நேர் மேலிருந்து எடுத்த படத்தில் கறுப்பு உடல் என்று எழுதிவிட்டால் போச்சு. பக்கத்திலிருந்து ஒன்று எடுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

கறிவேப்பிலை அழகியில் பெண்கள் மூன்று விதம் என்பதையும் மனதில் வையுங்கள். ஒன்று ஆணைப் போலவே, ஒன்று ரோஜா அழகி மாதிரி, இன்னொன்று சிவப்புடல் அழகி மாதிரி. மூன்றும் ஒரே இனம் என்று 1865-லேயே இயற்கையியலாளர் வாலஸ் எழுதிவிட்டார். எந்த உடுப்பு என்பதை டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு தீர்மானிக்கிறது என்பது 2014-ல்தான் வெளிவந்தது. சிவப்புடல் அழகிக்குப் பெயரிலேயே விடை இருக்கிறது, தமிழில் பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு.

பறக்கும் விதத்தை வைத்துச் சொல்கிறவர்களை நான் பாதிதான் நம்புவேன். வரியன்கள் அவசரமே இல்லாமல் மிதக்கும், உண்மைதான். ஆனால் வேஷக்காரப் பெண்ணும் நிம்மதியாக இருக்கும்போது அப்படியேதான் மிதக்கும், நீங்கள் கிட்டே போய் விரட்டினால்தான் வேகம் எடுக்கும். விரட்டியபின் பார்க்க என்ன மிச்சம் இருக்கும்!

செடி நல்ல சாட்சி. பெண் முட்டையிடும்போது கையும் களவுமாகப் பிடித்தால் படமே தேவையில்லை. எருக்கில் வைத்தால் வரியன், தரையோடு படரும் பருப்புக்கீரையில் வைத்தால் எக்ஃபிளை. கறிவேப்பிலை அழகி தன் பெயர்ச்செடியிலும் எலுமிச்சையிலும் வைக்கும், ரோஜா அழகி ஆடுதீண்டாப்பாளையில். இன்னொன்று, காய்ந்த கிலுகிலுப்பையிலோ தேள்கொடுக்குச் செடியிலோ கூட்டமாக மொய்த்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் வரியன்கள், அவற்றின் உறவான கருப்பன்கள் (குரோ வகை) கூட்டத்து ஆண்கள். அந்தச் செடிகளின் வேதிப்பொருள் அவற்றுக்குப் பெண்ணை ஈர்க்கும் வாசனை செய்யத் தேவைப்படுகிறது.

கேட்காததையும் சொல்கிறேன்: நீல வரியன் மாதிரியே வேஷம் போடும் காமன் மைம் ஒன்று உண்டு. அது உட்கார்ந்தால் காலை எண்ணுங்கள். வரியன்கள் நான்கு காலில்தான் நிற்கும், முன்னங்கால் சுருங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கும். மைம் அழகிக் குடும்பம், ஆறு காலிலும் நிற்கும். எக்ஃபிளைக்கு இந்த வித்தை பலிக்காது, அதற்கும் நான்குதான்.

புல்வெளி:

மஞ்சள் பூச்சிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, எல்லாருக்கும் அதே அலுப்பு போல. அது இறக்கையை மூடித்தான் உட்காரும், அதனால் அடிப்புறம் மட்டுமே கிடைக்கும், அதுவே போதும். முன்னிறக்கை அடிப்புறத்தில், உடலோடு சேரும் பக்கத்தை ஒட்டி நரம்புகளால் மூடிய நீளமான கட்டம் ஒன்று இருக்கும். அதற்குள் எத்தனை குறி என்று எண்ணுங்கள். காமன் கிராஸ் யெல்லோவுக்கு இரண்டு, திரீ ஸ்பாட்டுக்கு மூன்று, ஒன் ஸ்பாட்டுக்கு ஒன்று. சிக்கல் என்னவென்றால் உட்காரும்போது முன்னிறக்கையைப் பின்னிறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும், கட்டம் பாதி மறைந்துவிடும், மூன்று இரண்டாகத் தெரியும். தேன் குடிக்கும்போதும் ஈரமண்ணில் உறிஞ்சும்போதும் இறக்கை கொஞ்சம் மேலே ஏறும், அப்போது எடுங்கள்.

அதோடு காமன் கிராஸ் யெல்லோ வறண்ட காலத்தில் வேறு உடுப்பு மாற்றும், முன்னிறக்கை முனையருகே அடிப்புறத்தில் பழுப்புத் திட்டு வரும். முதல் வருடம் அதைப் புது இனம் என்று நினைத்து ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன்.

கட்டம் தெரியாத படத்துக்கு நான் யூரீமா என்று பேரினத்தோடு நிறுத்திவிடுவேன். என் குறிப்பேட்டில் பாதி மஞ்சள் அப்படித்தான் கிடக்கிறது, அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஊகித்து எழுதுகிறவரின் பட்டியல்தான் நீளமாக இருக்கும்.

ஈரமண்:

எல்லாருக்கும் நன்றி. உட்கார்ந்து பழைய படங்களை எண்ணிப் பார்த்தேன். வெந்தய வரியன் என்று வைத்திருந்த இருபத்து மூன்றில் எக்ஃபிளை இரண்டு இல்லை, நான்கு. நண்பரும் இரண்டைத் தவறவிட்டிருக்கிறார், இன்னும் அவரிடம் சொல்லவில்லை. ரோஜா அழகி படங்கள் அத்தனையும் மேலிருந்து எடுத்தவை, அவற்றை ஓரமாக வைத்துவிட்டேன். ஒரு வரியனில் மட்டும் மாட்டிக்கொண்டேன், ஏதோ பறவை கொத்தியதில் இடது பின்னிறக்கையில் புள்ளி இருக்க வேண்டிய இடமே இல்லை, வலது இறக்கையை இலை மறைக்கிறது.

கேமராத்தூசி:

மிச்சமிருக்கும் விளிம்பு நெளிநெளியா, வழவழப்பா?

ஈரமண்:

வழவழப்பு. சரி, வரியன்தான். கொத்திய பறவைக்கும் அது தெரிந்திருக்கும்.